பஸ்ஸுக்கு இரண்டு பிறப்பு

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போய்வந்த கதையைத் தோட்டத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஃபெர்ரியில் கடலைத் தாண்டி, ஜோர்ஜ்டவுனில் பஸ் ஏறிய நினைவு அவர்களுக்கு இருக்கும். அந்தப் பழைய பஸ் எப்படி உருவானது என்பதை இன்று பார்ப்போம்.

ஜோர்ஜ்டவுனுக்கு 1904இல் மின்சாரம் வந்தது. அதைத் தந்தது சுங்கை பினாங்கில் இருந்த மின்நிலையம். 1906 முதல் மின்சார டிராம் ஓடியது. 1925இல் டிராலி பஸ் வந்தது. டிராமுக்கு மேலே ஒரு கம்பி போதும். டிராலி பஸ்ஸுக்கு இரண்டு வேண்டும். ஏன்? டிராமில் மின்சாரம் தண்டவாளத்தின் வழியே திரும்பிவிடும். டிராலி பஸ்ஸுக்கோ ரப்பர் சக்கரம். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே திரும்பும் வழியாக இன்னொரு கம்பி. டிராம் 1936இல் நின்றது. டிராலி பஸ் 1961 வரை ஓடியது.

கம்பியில்லாத பஸ்களை லிம் செங் செங், ஹின் போன்ற கம்பெனிகள் ஓட்டின. அக்காலத்து பஸ்ஸுக்கு இரண்டு பிறப்பு என்று சொல்லலாம். எஞ்சின், சக்கரம், அடிச்சட்டம் ஆகியவை லேலண்ட், அல்பியன் போன்ற பிரிட்டிஷ் தொழிற்சாலைகளில் பிறந்தன. மேலே உள்ள கூண்டை, அதாவது பாடியை, வேறொரு பட்டறை கட்டியது. தச்சர் மரச்சட்டம் பூட்டுவார். தகரக்காரர் தகட்டைத் தட்டி வளைப்பார். பிறகு சாயக்காரர், மெத்தை தைப்பவர். வீடு கட்டுவது போலத்தான்.

இங்கிலாந்தில் சட்டத்துக்கு ஆஷ் என்ற மரத்தை விரும்பினார்கள். வளைந்து கொடுக்கும்; எளிதில் உடையாது. ஆனால் ஈரம் பட்டால் உளுத்துப்போகும். நம் நாட்டு மழையைக் கேட்க வேண்டுமா? தகட்டின் இடுக்கில் இறங்கிய நீர், வெளியே தெரியாமல் சட்டத்தைத் தின்றுவிடும். ஆகவே வெப்ப நாடுகளுக்குத் தேக்கு போன்ற கெட்டிமரமும், பிறகு இரும்புச் சட்டமும் ஏற்றவையாக இருந்தன. பாடி பழுதானாலும் அடிச்சட்டம் நன்றாக இருந்தால் புதுப் பாடி கட்டி மீண்டும் ஓட்டுவார்கள்.

இதில் நம் பங்கு என்ன? டயர் ரப்பர். கண்ணாடியைப் பிடிக்கும் பட்டை ரப்பர். 1929இல் டன்லப் நிறுவனத்தார் ரப்பர் பாலை நுரைக்கவைத்து மெத்தை செய்யக் கண்டுபிடித்தனர். அதுவும் பஸ் இருக்கைக்குப் போனது. விடியற்காலையில் நம்மவர் வெட்டிய பால், துரைமார் நாட்டு ஆலைக்குப் போய், பஸ்ஸாகித் திரும்பி வந்தது. கூலியைக் கணக்குப் பார்த்தவர்கள் இதைக் கணக்கில் எழுதவில்லை. நாமாவது எழுதிவைக்க வேண்டாமா?

இன்னொன்று. “படிப்பு வராதவன்தான் பட்டறைக்குப் போவான்” என்று நம்மில் சிலர் பேசுகிறோம். வளைவை அளக்காமல் தகடு பொருந்துமா? கணக்குத் தெரியாமல் சட்டம் நேராகுமா? தமிழ்நாட்டில் கரூர் என்ற ஊர் பஸ் பாடி கட்டியே பெயர் பெற்றது. கைத்தொழில் விரும்பும் பிள்ளையைத் தலைகுனிய வைக்காதீர்கள். முறையாகப் பயிலச் சேர்த்துவிடுங்கள்.

ஹின் கம்பெனியின் பழைய பஸ் பட்டறை 2014 முதல் கலைக்கூடமாக இருக்கிறது. கட்டடம் பிழைத்துக்கொண்டது. அதுபோன்ற பட்டறைகளில் உழைத்த கைகளின் கதை? பிள்ளைகளே, இன்று மாலை தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்: எந்த பஸ்ஸில் போனீர்கள், என்ன நிறம், கட்டணம் எவ்வளவு? கேட்டதை ஒரு நோட்டில் எழுதி, தேதியும் போட்டு வையுங்கள்.