அம்மாவுக்கு யார் லீவு குடுப்பாங்க?

ரெண்டு மாசமா எபிசோடு வரலையேன்னு கேட்டிருந்தீங்க. அந்தக் காரணத்தைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

எங்க அப்பத்தாவுக்கு டிமென்ஷியா. அப்பா காலையில கடைக்குப் போனா ராத்திரிதான் வருவார். அதனால மதுரையில நாலு வருஷமா அம்மாதான் பார்த்துக்கறாங்க. சாப்பிட்டு முடிச்ச பத்தாவது நிமிஷம், "எனக்கு யாரும் சோறே போடல"ன்னு அப்பத்தா சொல்வாங்க. "இப்பத்தானே சாப்பிட்டீங்க அத்தை"ன்னு அம்மா குரல் ஏறும். சென்னையிலிருந்து சனி, ஞாயிறு மட்டும் போற நான், "வாதாடாதீங்கம்மா, பேச்சை மாத்துங்க"ன்னேன்.

"ரெண்டு நாள் வந்துட்டுப் போறவனுக்குப் பொறுமை இருக்கும்டா"ன்னாங்க.

சுருக்குன்னு இருந்துச்சு. நான் சொன்னது தப்பில்ல, டாக்டர்களும் அதைத்தான் சொல்றாங்க. ஆனா அதைத் தூக்கமில்லாம, தினமும், திரும்பத் திரும்பச் செய்யணுமே.

பராமரிக்கறவங்களோட சுமையை அளக்க ஸ்டீவன் ஸாரிட் குழு 1980-ல ஒரு கேள்வித்தாள் தயாரிச்சாங்க. இப்போ பரவலா பயன்படுத்தறதுல 22 கேள்விகள். எல்லாமே பார்த்துக்கறவங்களைப் பத்தி. கோபம் வருதா, உங்களுக்குன்னு நேரம் இருக்கா, இன்னும் நல்லா பார்த்துக்கலாமோன்னு தோணுதா... அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "கோபம் மத்தவங்களுக்கும் வருமா?"ன்னு கேட்டாங்க. நாலு வருஷமா தான் மட்டும்தான் கெட்டவள்னு நெனச்சிருக்காங்க.

பாலின் பாஸ்ங்கற அமெரிக்க ஆய்வாளர் இதைத் 'தெளிவில்லாத இழப்பு'ங்கற அர்த்தத்துல ஒரு பேர் வெச்சுச் சொல்றாங்க. ஆள் கண்ணெதிர்ல இருக்காங்க, ஆனா நமக்குத் தெரிஞ்ச அந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருக்காங்க. செத்தா துக்கம் கேட்க ஊரே வரும். இதுக்கு யாரும் வர்றதில்ல.

அதனால ஆபீஸ்ல பேசி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க மதுரை போனேன். அம்மாவைப் பத்து நாள் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினேன். மூணாவது ராத்திரி ரெண்டு மணிக்கு, "வீட்டுக்குப் போகணும்"னு அப்பத்தா வாசக்கதவைத் தட்டிட்டே நின்னாங்க. நான் கத்திட்டேன். பயந்து சுவரோரம் ஒண்டிக்கிட்டாங்க. காலையில அவங்களுக்கு அது ஞாபகமே இல்ல. எனக்கு இன்னும் இருக்கு.

இப்போ மாசத்துல ஒரு வாரம் என்னோட முறை. அட்வைஸ் பண்றதை நிறுத்திட்டேன்.

உங்க வீட்டுலயும் யாராவது இப்படிப் பார்த்துக்கிட்டிருந்தா, "நீங்க தூங்கினீங்களா?"ன்னு அவங்களைக் கேளுங்க. கேட்டுட்டு, ஒரு ராத்திரி அவங்களுக்குப் பதிலா நீங்க முழிச்சிருங்க. மனசு விட்டுப் பேச ஆள் வேணும்னா, டெலிமானஸ் எண் 14416. இலவசம், தமிழ்லயே பேசலாம்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.