வன்னியின் நலத்துக்குக் காவல் யார்?



மாரி காலத்தில் குளக்கட்டுக்குக் காவல் வைப்பது வன்னி மக்களாகிய நமது வழக்கம். கசிவைத் தொடக்கத்திலேயே கண்டால் ஒரு கூடை மண் போதும். காணத் தவறினால் குளமும் போகும், வயலும் போகும். நோயும் அத்தகையதே. ஊரின் உடல்நலத்துக்குக் காவல் யார் என்பதே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

குளத்தோடும் காட்டோடும் மலேரியாக் காய்ச்சலும் இம்மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தது. 1963ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் அக்காய்ச்சல் கண்டவர் 17 பேர் மட்டுமே. பகை ஒழிந்ததென்று எண்ணிக் கண்காணிப்பைத் தளர்த்தினர். விளைந்தது என்ன? 1967க்கும் 1969க்கும் இடையில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை அது மீண்டும் பீடித்தது. பின்னர் போர்க்காலத்திலும் வன்னியில் இரத்தம் எடுத்துச் சோதிக்கும் பணியும் மருந்து தெளிக்கும் பணியும் கைவிடப்படவில்லை. உள்ளூரில் பரவிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. காவல் நின்றபோது நோய் வந்தது; காவல் நிலைத்தபோது நோய் போயிற்று. இதைவிடத் தெளிவான பாடம் நமக்கு வேண்டியதில்லை.

அக்காவலை ஊர் மக்களே ஏற்கலாம் என்று இதே வன்னியில் காட்டிய ஓர் இயக்கம் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலைநாட்டுத் தமிழர், 1977 ஓகஸ்ட் வன்செயலில் வீடும் தொழிலும் இழந்து வன்னியை நோக்கி வந்தனர். அவர்களுக்கு நிலமும் நிழலும் தேட முன்வந்தது காந்தியம் என்னும் ஸ்தாபனம். கட்டிடக் கலைஞரான எஸ். ஏ. டேவிட் அவர்களும் வவுனியாவில் வைத்தியராக இருந்த எஸ். இராஜசுந்தரம் அவர்களும் அதன் தூண்கள். காடருகே குடியேற்றங்கள் எழுந்தன, கிணறுகள் தோண்டப்பட்டன. கிராமத்து இளம் பெண்களைப் பயிற்றித் தொண்டர்களாக்கினர். அவர்கள் பாலர் பாடசாலை நடத்தினர். பிள்ளைகளுக்குப் பால் வழங்கினர். வைத்தியசாலைக்கு வரமுடியாத மக்களிடம் வைத்தியமே சென்றது.

இலங்கை உட்பட உலக நாடுகள் அல்மா ஆட்டாவில் கூடி, ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பில் சமூகத் தொண்டர்களுக்கும் இடமுண்டு என்று பிரகடனம் செய்தது 1978 செப்டெம்பரில். அதற்கு முன்னரே வவுனியாவில் நம்மவர் அப்பணியைத் தொடங்கியிருந்தனர்.

அதற்குக் கிடைத்த பரிசு யாது? 1983 ஏப்பிரிலில் இருவரும் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலை 27ஆம் நாள், வெலிக்கடைச் சிறையில் நடந்த இரண்டாவது படுகொலையில் வைத்தியர் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய டேவிட் நெடுங்காலம் தமிழகத்தில் வாழ்ந்து, தம் முதுமையில் வன்னிக்குத் திரும்பி, 2015இல் கிளிநொச்சியில் கண்மூடினார். பாலும் மருந்தும் கொடுத்தவர்களைப் பகைவராகக் கண்ட அரசாங்கம் தன் மக்களின் நலத்தையே பகைத்துக்கொண்டது.

அயல்நாட்டு அனுபவத்தையும் நோக்குவோம். இந்திய அரசாங்கம் 1977 ஒக்டோபர் 2ஆம் நாள் கிராமச் சுகாதாரத் தொண்டர் திட்டத்தைத் தொடங்கிற்று. மாதம் 50 ரூபா கொடுத்தனர். தெரிவு செய்யப்பட்டோரில் பெரும்பாலோர் ஆண்கள். கர்ப்பிணித் தாய் அவர்களிடம் எதைச் சொல்வாள்? திட்டம் நலிந்தது. 2005இல் ஆஷா என்னும் பெயரில் அந்தந்த ஊர்ப் பெண்களையே அமர்த்தியபோதுதான் தொண்டர் பணி வீட்டுக்குள் நுழைந்தது. ஆயினும் அப்பெண்களும் நியாயமான ஊதியம் கேட்டு வீதியில் இறங்க நேர்ந்தது. ஊர்ப் பெண் வேண்டும் என்பது முதற் பாடம். அவள் உழைப்பை இலவசமாகக் கொள்ளலாகாது என்பது இரண்டாவது பாடம்.

இன்று வன்னியில் காவலுக்கு வேலை குறையவில்லை. 1990களில் வடமத்திய மாகாணத்தில் வெளிப்பட்ட, காரணம் இன்னும் திட்டமாக அறியப்படாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்து விவசாயக் குடும்பங்களையும் வருத்துகிறது. தொடக்கத்தில் அந்நோய் வலிப்பதில்லை. இரத்தச் சோதனையும் சிறுநீர்ச் சோதனையுமே அதைக் காட்டும். வயலில் பாம்பு தீண்டினால் வெட்டிக் கீறிக் காலம் போக்காது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். இவற்றை வீடு வீடாகச் சொல்லவும், சோதனைக்கு அழைத்துச் செல்லவும், பத்தியம் தவறாது பார்க்கவும் ஊரில் ஒருவர் வேண்டும். அவ்வொருவர் குடும்பநல மாதுக்குத் துணையாக நிற்கவேண்டுமேயன்றி, வெற்றிடத்தை மலிவாக நிரப்பும் கருவியாகக் கூடாது.

அண்மை ஆண்டுகளில் வடமாகாணச் சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனம் கோரிப் போராடியதை நாம் கண்டோம். அவர்களின் கோரிக்கையை வெறும் வேலைவாய்ப்புப் பிரச்சினையாக நோக்குவது தவறு. காவலாளிக்குக் கூலி மறுத்துவிட்டு, கட்டு உடைந்தபின் அவனைக் குறை கூறுவது எந்த நீதி?

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. ஒவ்வொரு கிராமமும் தன் தொண்டரைத் தானே தெரிவு செய்யட்டும். அவர்களில் பெண்களே மிகுதியாக இருக்கட்டும். சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனை அவர்களுக்கு முறையான பயிற்சி அளிக்கட்டும். குறித்த காலம் சேவை செய்தோருக்கு ஊதியமும் நிரந்தர நியமனமும் உண்டென்று அரசாங்கம் எழுத்தில் உறுதி கூறட்டும்.

நமது கடமையும் உண்டு. வைத்தியர்களே, ஆசிரியர்களே, பொறியியலாளர்களே! மாதத்தில் ஒரு நாளை ஒரு கிராமத்துக்குக் கொடுங்கள். விவசாயப் பெருமக்களே! உங்கள் சங்கக் கூட்டத்தில் உரத்தையும் நீர்ப்பங்கீட்டையும் பேசும்போது, கிணற்று நீரையும் சோதனை நாளையும் பேசுங்கள். உங்கள் மகள் தொண்டராக முன்வந்தால் தடுக்காதீர்கள்.

காந்தியத்தின் தொண்டர்கள் விட்ட இடத்திலிருந்து நாம் தொடர்வோம். உரிமை கேட்கும் இனம் உடல்நலமும் உடைய இனமாக இருத்தல் வேண்டும். இன்றே காவலை அமர்த்துவோம்.