எதிர் அணி தூக்கிச் சென்ற பெண்



இன்று ஒரு விளையாட்டைப் பற்றிக் கேட்போம். இது கதை அல்ல. அமெரிக்காவில் உண்மையாக நடந்தது.

அந்த விளையாட்டின் பெயர் சாஃப்ட்பால். கிரிக்கெட்டைப் போல இதிலும் மட்டையும் பந்தும் உண்டு. ஓர் அணிக்கு ஒன்பது பேர். மைதானத்தில் சதுரமாக நான்கு மூலைகள் இருக்கும். ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் 60 அடி தூரம். பந்தை அடித்தவர் மூன்று மூலைகளை வரிசையாக மிதிக்க வேண்டும். பிறகு, புறப்பட்ட நான்காவது மூலைக்குத் திரும்ப வேண்டும். அப்போதுதான் ஒரு ரன் கிடைக்கும். பந்து வேலியைத் தாண்டிப் போனால் அது ஹோம் ரன். அப்போதும் நான்கு மூலைகளையும் மிதித்தே ஆக வேண்டும்.

2008 ஏப்ரல் 26. வாஷிங்டன் மாநிலத்தில் எல்லன்ஸ்பர்க் என்னும் ஊர். சென்ட்ரல் வாஷிங்டன், வெஸ்டர்ன் ஆரிகன் ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களின் பெண்கள் அணிகள் மோதின. அந்த ஆண்டின் போட்டிகள் முடியும் நேரம். அடுத்த கட்டத்துக்குப் போக இரண்டு அணிக்கும் வெற்றி தேவை.

வெஸ்டர்ன் ஆரிகன் அணியில் சாரா டுகோல்ஸ்கி என்ற மாணவி இருந்தாள். உயரம் குறைந்தவள். அதுவரை ஒரு ஹோம் ரன் கூட அடித்ததில்லை. அன்று அவள் ஓங்கி அடித்தாள். பந்து வேலியைத் தாண்டியது. முன்பே மூலைகளில் நின்ற தோழிகள் இருவரும் ஓடி வந்தார்கள். சாராவும் ஓடி முடித்தால் மொத்தம் மூன்று ரன்!

பந்தையே பார்த்துக்கொண்டு ஓடிய சாரா, முதல் மூலையை மிதிக்காமல் தாண்டிவிட்டாள். சட்டென்று திரும்பினாள். முழங்காலில் பலத்த அடி. கீழே விழுந்தாள். வலியோடு தவழ்ந்து முதல் மூலையைத் தொட்டாள். அதற்கு மேல் நகர முடியவில்லை.

சொந்த அணியினர் தொட்டால் சாரா ஆட்டம் இழப்பாள் என்றார் நடுவர். வேறு ஒருத்தியை இறக்கினால் ஹோம் ரன் கணக்கில் வராது என்றார். விதிப்படி மாற்று ஆள் ஓடி முடித்திருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்போது ஒரு குரல் கேட்டது. "நாங்கள் அவளைத் தூக்கிச் செல்லலாமா?" கேட்டவள் மேலரி ஹோல்ட்மன். எதிர் அணிக்காரி! தன் அணிக்காகப் பல ஹோம் ரன்கள் அடித்தவள். தடை இல்லை என்றார் நடுவர்.

மேலரியும் அவள் தோழி லிஸ் வாலஸும் சாராவைத் தூக்கினார்கள். சாரா இருவர் தோளிலும் கை போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு மூலையிலும் மெதுவாக இறக்கி, அவளுடைய நல்ல காலால் தொடச் செய்தார்கள். மூன்றாவது ரன் சேர்ந்தது. சாராவின் தோழிகள் கண்கலங்கி நின்றார்கள்.

ஆட்டத்தின் முடிவு 4–2. மேலரியின் அணி தோற்றது. அடுத்த கட்டத்துக்குப் போகும் வாய்ப்பும் போனது. மேலரிக்கு அதுதான் கல்லூரியில் கடைசி ஆண்டு. தூக்காமல் இருந்திருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் தூக்கினாள். பந்தை வேலிக்கு மேல் அடித்தது சாரா. அந்த ரன் சாராவுக்கு உரியது. மேலரி நினைத்தது அவ்வளவுதான்.

அந்த ஆண்டு வேறு யார் யார் வென்றார்கள் என்பது பலருக்கு நினைவில்லை. இந்த மூன்று பெண்களை மறந்தவர்கள் குறைவு.

நம் தெருவில், வயலில், வேலை செய்யும் இடத்தில் நமக்கும் போட்டி உண்டு. எதிரே நிற்பவர் விழுந்தால் நாம் என்ன செய்வோம்? கூடிப் பேசுங்கள்.