கடல் கடந்து ஒரு பட்டம்

நம் புதுக்கோட்டையைப் போலவே அந்நாளில் சமஸ்தானமாக இருந்த பரோடா அளித்த உபகாரச் சம்பளத்தைக் கொண்டு, 1913-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்ற டாக்டர் அம்பேத்கர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1915-இல் முதுகலைப் பட்டம் பெற்றார்.

அத்தகைய உதவி இன்றும் உண்டு. மத்திய அரசின் சமூகநீதி அமைச்சகம், தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை என்ற பெயரில் அதை வழங்குகிறது. பட்டியல் வகுப்பினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பரம்பரைக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். கல்விக் கட்டணம், ஜீவனச் செலவு, விமானப் பிரயாணம், விசா அனைத்தும் அடக்கம். கீரனூர்ப் பக்கம் களை பறித்தும் கதிர் அறுத்தும் மகளைப் பட்டதாரியாக்கிய தாய்மார்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டும். கண்மாய் நிரம்பிய பிறகா விதைநெல் தேடுவோம்? பட்டப்படிப்பில் குறைந்தது அறுபது சதவீத மதிப்பெண் வேண்டும். அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் வேண்டும். அதற்கெல்லாம் முன்பாகப் பெயரைப் பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் ஓரெழுத்தாக நிற்கும் தலைப்பெழுத்து, பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயராக விரிந்துவிட்டால், இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அலைய நேரும்.

ஆகவே, வீட்டில் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் ஒரு பிள்ளை இருந்தால், வருமானச் சான்று, சாதிச் சான்று, பாஸ்போர்ட் மூன்றுக்கும் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.