வாய்க்கால் நீரும் கற்காரையின் ஆயுளும்



கோலசிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரை நீளும் கடலோரச் சமவெளி, வாய்க்கால் வெட்டி நீர் வடித்தமையால் விளைநிலமானது. அவ்வாய்க்கால்களின் மேல் எழுந்த சிறு பாலங்களும் மதகுகளும் சிமெண்டால் ஆனவை. அவை எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட இயலுமா என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

முதற்கண் மண்ணை நோக்குவோம். பண்டைய கண்டல் காடுகளின் சேற்றில் இரும்பும் கந்தகமும் கூடிப் பைரைட் என்னும் கனிமம் உருவாயிற்று. நீரில் மூழ்கியிருக்கும் வரை அதனால் தீங்கில்லை. நிலத்தடி நீர் இறங்கினால் காற்று உட்புகும். பைரைட் சிதைந்து கந்தக அமிலம் பிறக்கும். அத்தகைய மண்ணின் பி.எச். அளவு 4-க்கும் கீழே இறங்குவதுண்டு. வாய்க்கால் கரையில் வெளிறிய மஞ்சள் திட்டுகளாகத் தெரியும் ஜரோசைட் அதன் அடையாளம். இம்மண் எங்கும் பரவியிருப்பதன்று; திட்டுத்திட்டாகவே காணப்படுவது. ஆகவே ஓரிடத்து அளவை மற்றோரிடத்திற்குப் பொருத்துதல் ஆகாது.

அந்நீரிலுள்ள சல்பேட்டு, கான்கிரீட் எனப்படும் கற்காரையின் நுண்துளைகள் வழியே உட்செல்கிறது. சிமெண்டிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடோடு கூடி ஜிப்சமாகிறது. ஜிப்சம் அலுமினேட்டோடு கூடி எட்ரிங்கைட் என்னும் ஊசிப் படிகமாகிறது. நீரைப் பெருமளவில் தன்னுள் ஏற்கும் அப்படிகம் வளர இடம் போதாமல் உள்ளிருந்து நெருக்குகிறது. கற்காரை உப்பி வெடிக்கிறது.

இதைக் கணித மாதிரியாக அமைப்போர் மூன்று வினாக்களை எழுப்புவர். சல்பேட்டு எவ்வளவு விரைவில் நுழைகிறது? எவ்வளவு வினைபுரிகிறது? எவ்வளவு உப்பியபின் விரிசல் விழுகிறது? முதல் வினாவுக்கு 1855-இல் ஃபிக் வகுத்த விரவல் விதி உதவுகிறது. விரவல் ஒன்றே நிகழுமாயின், இரு மடங்கு ஆழம் செல்ல நான்கு மடங்கு காலம் ஆகும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்தை 5 ஆண்டில் எட்டுவதாகக் கொண்டால், இரண்டு சென்டிமீட்டரை எட்ட 20 ஆண்டு வேண்டும். ஆனால் விரிசல் விழுந்ததும் புதிய வழி திறக்கிறது. ஆறுதலான அந்தக் கணக்கு அங்கே முறிகிறது.

மாதிரியைச் சரிபார்க்கச் சோதனை வேண்டும். ஆய்வகத்தில் சாந்துச் சட்டங்களை 5 விழுக்காட்டுச் சோடியம் சல்பேட்டுக் கரைசலில் இட்டு, அவை நீள்வதை அளக்கின்றனர். 250 மில்லிமீட்டர் நீளத்தில் கால் மில்லிமீட்டர் கூடினால் 0.10 விழுக்காடு உப்பியதாகும். அமெரிக்க நிலமீட்புத் துறையின் கற்காரை உருளைகள் 40 ஆண்டுகளுக்கும் மேலாகச் சல்பேட்டுக் கரைசலில் வைத்து அளக்கப்பட்டன. அப்பொறுமையின் பயனாகவே நம்பத்தக்க சூத்திரங்கள் கிடைத்தன.

எனினும் ஆய்வகத் தொட்டி வேறு, தோட்டத்து வாய்க்கால் வேறு. தொட்டியில் கரைசலின் செறிவு ஏறத்தாழ மாறாதிருக்கும். வாய்க்காலில் மழைக்கு நீர் ஏறும், வறட்சியில் இறங்கும். சல்பேட்டோடு அமிலமும் தாக்கும். அலுமினேட்டு குறைந்த சல்பேட்டு எதிர்ப்புச் சிமெண்டு உப்புதலைத் தடுக்கலாம். அமில அரிப்பை அது தாங்காது. ஆகவே இவ்வட்டாரத்துக்கு உரிய மாதிரியில் நீர்மட்டமும் அமிலத்தன்மையும் மாறும் அளவுகளாக இடம்பெற வேண்டும்.

அவ்வளவுகளை எவர் தருவார்? மாணவர்கள் தரலாம். ஆசிரியர் துணையோடு, பாதுகாப்பான ஓரிடத்தில் அளவுகோல் நட்டு, வாரந்தோறும் நாளும் நீர்மட்டமும் பி.எச். தாளின் நிறமும் குறித்து வந்தால், ஈராண்டில் அரிய ஆவணம் உருவாகும். கணினி எத்துணை வல்லதாயினும் அளக்காத நீரை அதனால் அறிய இயலாது.

தீர்வும் அதே குறிப்பேட்டில் உண்டு. மதகைக் கொண்டு நீர்மட்டத்தைப் பைரைட் படுகைக்கு மேலே நிறுத்தினால் புதிய அமிலம் பிறப்பது குறையும். செம்பனையின் வேரும் பாலத்தின் காலும் ஒருங்கே காக்கப்படும். நீர் குறைவாகச் சேர்த்து அடர்த்தியாக வார்த்த கற்காரை அதற்குத் துணைநிற்கும்.

வாய்க்கால் வெட்டிய தலைமுறை நிலத்தை வடித்துத் தந்தது. அந்நீரை அளந்து எழுதிவைக்கும் கடமை நம்முடையது. அதைத் தமிழிலேயே எழுதுவோம்.