கடனும் நாணயமும்



தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் கடன். ஓர் இளைஞர் முதன்முதலாக வங்கியில் கடன் அட்டை பெறுவது எவ்வாறு, பெற்றபின் அதனால் நற்பெயர் ஈட்டுவது எவ்வாறு என்பதையே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியன் ஒருவனுக்குக் கடன் அட்டையைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். அக்கவலையை எனக்கு ஊட்டியவள் என் பழைய மாணவி ஒருத்தி.

புதுக்கோட்டையை அடுத்த திருவரங்குளம் எங்கள் ஊர். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் எங்கள் மாவட்டத்தின் தென்னையையும் பலாவையும் சாய்த்தபோது, அம்மாணவியின் பெற்றோர் குடியிருந்த ஓட்டு வீட்டின் கூரையும் சிதைந்தது. கிடைத்ததைக் கொண்டு ஒட்டுப் போட்டு அதிலேயே வாழ்ந்து வந்தனர். அவள் படித்து முடித்துத் திருச்சியில் கணக்கர் வேலையில் அமர்ந்தாள். வீட்டைச் செப்பனிட ஒரு கடன் பெற வேண்டும்; அதற்கு முன்னோட்டமாக ஒரு கடன் அட்டை வாங்கலாம் என்று ஒரு வங்கியில் விண்ணப்பித்தாள். கடன் வரலாறு ஏதும் இல்லை என்று கூறி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள்.

அன்று மாலை என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, "ஐயா, எவரிடமும் ஒரு காசு கடன்படாதே என்று எட்டாம் வகுப்பில் நீங்கள்தாம் சொன்னீர்கள். அப்படியே இருந்தேன். அதுவே குற்றமாகிவிட்டதே!" என்றாள்.

எனக்கு உடனே விடை வரவில்லை. கடனின் தீமை பற்றி ஆண்டுதோறும் கட்டுரை எழுதப் பணித்தவன் நான். ஆனால் நான் குடியிருக்கும் வீடே கடன் வாங்கிக் கட்டியது. மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்துக் கட்டித் தீர்த்தது. அந்தச் செய்தியை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. கடன் தீது என்று கூறினேனேயன்றி, எந்தக் கடன் தீது, எந்தக் கடன் தகும் என்று பகுத்துக் கூறினேன் அல்லேன். அக்குறையை இன்றேனும் தீர்த்துக்கொள்ள முயல்கிறேன்.

கடன் கொடுப்பவன் எக்காலத்திலும் கேட்கும் கேள்வி ஒன்றே: 'இவன் திருப்பித் தருவானா?' எங்கள் ஊர் மளிகைக் கடையில் 'கடன் அன்பை முறிக்கும்' என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். அதன் கீழேயே பற்று வரவு நோட்டும் இருக்கும்! கடைக்காரருக்கு எங்கள் குடும்பங்களைத் தெரியும். அறுவடை எப்போது, சம்பள நாள் எது என்பதும் தெரியும். ஆகவே அந்த நோட்டே போதுமாயிருந்தது.

கிராமத்து மக்களின் இந்த ஒருவரையொருவர் அறிந்த பழக்கத்தையே மூலதனமாகக் கொள்ளலாம் என்று கண்டவர்கள் உண்டு. சென்னை மாகாணத்து அதிகாரியாயிருந்த பிரெடரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் அளித்த அறிக்கைகளில், ஜெர்மானியக் கிராமங்களில் ரைபைசன் என்பவர் வளர்த்த கூட்டுறவுக் கடன் முறையை நம் நாட்டிற்கும் பரிந்துரைத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் அமைந்தது. நிலமோ நகையோ பெரிதாக இல்லாதவனுக்கும் அவனுடைய ஒழுக்கமே பிணை என்பது இம்முறையின் உயிர்நாடி.

ஆனால் திருச்சியிலோ சென்னையிலோ வங்கி மேலாளர் நம்மை எங்ஙனம் அறிவார்? நம் ஊர்க் கடை நோட்டு அவர் கைக்கு எட்டாது. அந்த நோட்டை நாடு தழுவிய பேரேடாக ஆக்கியவையே கடன் தகவல் நிறுவனங்கள். 2000-ஆம் ஆண்டில் சிபில் தோன்றியது. 2005-இல் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபேக்ஸ், கிரிப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதியுடன் இயங்குகின்றன. நாம் வாங்கிய கடன், கட்டிய தவணை, தவறிய தேதி ஆகிய யாவும் வங்கிகளிடமிருந்து அவற்றுக்குச் செல்கின்றன. அவற்றைக் கொண்டு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் இடுகிறார்கள்.

நீங்கள் மதிப்பெண்ணுக்குப் புதியவர்கள் அல்லர். தேர்வே எழுதாத மாணவனுக்குப் பூச்சியமும் இல்லை, நூறும் இல்லை. அவன் பெயருக்கு நேரே வெற்றிடம்தான் இருக்கும். என் மாணவியின் நிலையும் அதுவே. அவள் தேர்வில் தோற்றவள் அல்லள், தேர்வு எழுதாதவள். முதன்முறையாகக் கடன் கேட்போரை, வரலாறு இல்லை என்னும் ஒரே காரணத்தால் மறுத்தல் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025-இல் கடன் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கடன் அட்டை விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பதும் அதன் 2022-ஆம் ஆண்டு நெறிமுறை. எனினும், தேர்வை எழுதிவிடுவதே நலம்.

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வங்கியில் ஒரு தொகையை நிரந்தர வைப்பாக இட்டால், அதன் பிணையில் கடன் அட்டை தருகிறார்கள். வைப்புத் தொகையின் பெரும்பகுதி அளவுக்கு அட்டையில் வரம்பு கிடைக்கும். நாம் கட்டத் தவறினால் வங்கி வைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆதலால் வரலாறு இல்லாதவருக்கும் தயக்கமின்றித் தருகிறார்கள். வைப்புக்கு உரிய வட்டியும் வந்துகொண்டிருக்கும். என் மாணவி தன் சேமிப்பில் 20,000 ரூபாயை இட்டு இவ்வாறே ஓர் அட்டை பெற்றாள். உங்களுள் கல்விக் கடன் பெற்றவர்களுக்கு அக்கடனே முதல் வரலாறு என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

பெறுவது எளிது, பேணுவதே அரிது. 1950-இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் என்னும் அட்டை தோன்றியபோது, மாதக் கணக்கை முழுவதும் கட்டியாக வேண்டும் என்பதே விதி. பின்னால் வந்த கடன் அட்டைகளில் 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டினால் போதும் என்னும் சலுகை சேர்ந்தது. அச்சலுகையில்தான் பொறி இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலுவை 5,000 ரூபாய். குறைந்தபட்சத் தொகை 250 ரூபாய். வட்டி மாதத்திற்கு 3.5 விழுக்காடு எனக் கொள்வோம். ஒரு மாத வட்டி 175 ரூபாய். நீங்கள் கட்டிய 250-இல் 175 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் குறைவது 75 ரூபாய் மட்டுமே. வட்டியின் மீதான வரியையும் சேர்த்தால் அந்த 75-உம் தேயும். அதுமட்டுமன்று, நிலுவை வைத்தால், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத் தவணைக்காலம் கிடைக்காது.

ஆகவே மூன்று நெறிகள். மாதக் கணக்கு முழுவதையும் உரிய நாளுக்கு முன்பே கட்டுக. வரம்பு எவ்வளவாயினும் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடாதிருக்க முயல்க. ஒரே சமயத்தில் பல வங்கிகளில் விண்ணப்பித்து அலையற்க. ஒவ்வொரு விண்ணப்பமும் பேரேட்டில் பதிவாகும்.

என்னிடம் படித்த மற்றோர் இளைஞனின் கதை வேறு. வேலைக்குப் போன முதல் ஆண்டிலேயே அட்டை பெற்றான், கைபேசி வாங்கினான், ஊர் மாறியபோது சில நூறு ரூபாய் நிலுவையை மறந்தான். அது அபராதமும் வட்டியுமாக வளர்ந்து, பின்னர் அவன் வாகனக் கடன் கேட்டபோது எதிரே வந்து நின்றது. அவன் ஏமாற்றுக்காரன் அல்லன், கவனமில்லாதவன். ஆனால் பேரேடு இவ்விரண்டிற்கும் வேறுபாடு அறியாது.

பேரேடும் பிழை செய்யும் என்பதை அனுபவத்தில் கண்டேன். என் மாணவிக்கு வழிகாட்டும் பொருட்டு என் அறிக்கையையும் எடுத்துப் பார்த்தேன். எப்போதோ கட்டித் தீர்த்த என் கடன் ஒன்று நிலுவையில் இருப்பதாக அதில் கண்டிருந்தது! முறையிட்டேன், திருத்தினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை ஒவ்வொரு தகவல் நிறுவனமும் இலவசமாகத் தர வேண்டும். முறையீட்டை 30 நாளுக்குள் தீர்க்காவிடில் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெறவும் உரிமை உண்டு. இவ்வுரிமைகளை அறியாதவர் பலர், அறிந்து பயன்கொள்ளுங்கள்.

என் மாணவி ஒன்றரை ஆண்டுக் காலம் பேருந்துக் கட்டணம், கைபேசிக் கட்டணம் போன்ற சிறு செலவுகளுக்கு மட்டும் அட்டையைப் பயன்படுத்தி, ஒரு மாதமும் தவறாமல் முழுத்தொகையும் கட்டினாள். அதே காலத்தில் அவள் தந்தையார், நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டிக்குத் தனியாரிடம் பணம் வாங்கிக் கூரையைப் போட்டுவிடலாம் என்று புறப்பட்டார். ஆண்டுக்கு அறுபது விழுக்காடு! "சற்றே பொறுங்கள், அப்பா" என்று மகள் தடுத்தாள். கந்து வட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆயினும் வங்கியின் வாயில் மூடியிருக்கும் வரையில் ஏழையின் கால் அத்திசையிலேதான் நடக்கும். அவ்வாயிலைத் திறக்கும் திறவுகோலாகவே நற்பெயரை மதிக்க வேண்டும். அவளுக்கு வீட்டுக் கடன் கிடைத்தது. இவ்வாண்டு மழைக்கு அவ்வீடு ஒழுகவில்லை.

மாணவச் செல்வங்களே, தேவையின்றிக் கடன்படாதீர்கள் என்று இன்றும் சொல்வேன். அதனோடு, அன்று சொல்லாமல் விட்டதையும் சொல்கிறேன்: கொடுத்த வாக்கின்படி திருப்பிக் கட்டுதல் ஒரு கல்வி. அதைச் சிறு தொகையிற் பழகியவரே பெருந்தொகையில் தடுமாறாதிருப்பர். பையில் நாணயம் குறையலாம். பெயரில் நாணயம் குறையலாகாது.