பேய்க்கு வாழ்க்கைப்பட்டால்...

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும் என்பார்கள் நம் பாட்டிமார்கள். ஒவ்வாத இடத்தில் பெண்ணைக் கொடுத்துவிட்டு, ‘பொறுத்துப் போ’ என்று வாயை அடைக்க வாகாக அமைந்த பழமொழி. அதையே எழுத்துக்கு எழுத்து நிஜமாக்கிப் பார்த்தால்? செத்துப்போன ஒருவனுக்காக உயிருள்ள பெண்ணைக் கேட்டு ஆள் வந்தால்?

அப்படி ஒரு கதைதான் ‘தி கோஸ்ட் பிரைட்’ என்ற ஆங்கில நாவல். 2013இல் வெளிவந்தது. எழுதியவர் யாங்சி சூ. மலேசியச் சீனக் குடும்பத்தின் நான்காம் தலைமுறையைச் சேர்ந்த இவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வசிக்கிறார். வேறொரு கதைக்காகப் பழைய நாளிதழ்களைப் புரட்டியபோது, ஆவித் திருமணங்கள் அருகி வருவதாகப் போகிறபோக்கில் எழுதப்பட்டிருந்த ஒரு வரி அவர் கண்ணில் பட்டதாம். அந்த ஒற்றை வரியே பிறகு நாவலானது.

‘மீண்டும் படித்த புத்தகம்’ என்ற இந்த வாரத் தலைப்புக்குப் பேய்க்காதல் கதைதானா கிடைத்தது என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். 2013இல் பதினாறு வயதில் இதைப் படித்த பிள்ளைகளுக்கு இன்று முப்பது நெருங்குகிறது. சிலருக்குக் கல்யாணமாகிவிட்டது, சிலர் வீட்டில் வரன் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பதினாறில் படித்த கதையும் முப்பதில் படிக்கும் கதையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடப் பொருத்தமான புத்தகம் கிடைப்பது கடினம்.

கதை நடப்பது 1893ஆம் ஆண்டு மலாக்காவில். பினாங்குக்காரர்களுக்கு அது அந்நியமான ஊரல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற ஒரே குடையின் கீழ் இருந்தவை. 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் சேர்ந்தேதான் இடம்பிடித்தன. ஆகவே நாவலில் வரும் நீண்ட கடைவீடுகளையும், நடுவே வானம் பார்த்த முற்றத்தையும் அறிய ஜார்ஜ்டவுன் வாசகருக்கு அகராதி வேண்டாம். ஆர்மேனியன் தெருவில் ஒரு நடை நடந்தால் போதும்.

நாயகியின் பெயர் லி லான். பதினெட்டைத் தொடும் வயது. தாய் அம்மை நோயில் இறந்துவிட்டாள். அதே நோய் தழும்பாக்கிய முகத்தோடு அபினிப் புகைக்குள் ஒதுங்கிவிட்ட தந்தை, வியாபாரத்தில் நொடித்துப்போனவர். ஒரு மாலைப் பொழுதில் அவர் மகளிடம் கேட்கிறார், ஆவிக்கு மணமகளாகச் சம்மதமா என்று! மாப்பிள்ளை, பெரும் பணக்காரரான லிம் குடும்பத்தின் செத்துப்போன வாரிசு தியன் சிங். சம்மதித்தால் காலம் முழுக்க அந்த மாளிகையில் மருமகளாக இருக்கலாம், சோற்றுக்குக் கவலையில்லை.

இதற்கிடையில் அதே மாளிகையில் கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் தியன் பாய் என்ற இளைஞனை அவள் சந்திக்கிறாள். இறந்தவனுக்குச் சித்தப்பா பெரியப்பா முறைச் சகோதரன். புதிய வாரிசும் அவன்தான். செத்தவனோ கனவில் வந்து தொல்லை கொடுக்கிறான். தாங்க முடியாமல், ஆவிகளோடு பேசும் பெண்ணொருத்தி தந்த மருந்தை லி லான் அளவுக்கு மீறிக் குடித்துவிட, உடல் படுக்கையில் கிடக்க உயிர் தனியாகப் பிரிந்துவிடுகிறது. அப்போது வந்து சேர்கிறான் எர் லாங். மூங்கில் தொப்பியால் முகத்தை மறைத்த மர்ம ஆள்.

பதினாறு வயது வாசகிக்குக் கேள்வி ஒன்றுதான்: தியன் பாயா, எர் லாங்கா? 2005இல் ‘ட்வைலைட்’ வந்த நாளிலிருந்து உலகெங்கும் பள்ளிப் பெண்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து வாதாடிய அதே கேள்வி. அதில் கேவலம் ஒன்றுமில்லை. ‘சோலைமலை இளவரசி’யில் 1942 போராட்டக் காலத்தில் போலீசுக்குத் தப்பி ஓடும் குமாரலிங்கத்தைப் பாழடைந்த கோட்டையில் ஒளியவைத்து, நூறாண்டுக்கு முந்திய பிறவியின் காதலைக் கல்கி காட்டியபோது நம் பாட்டிமார்களும் இப்படித்தான் படித்திருப்பார்கள்.

முப்பதில் படிக்கும்போதோ கண் வேறிடத்துக்குப் போகிறது. முதலில் அப்பாவிடம் போகிறது. அன்று சோம்பேறி அப்பாவாகவும் அபினிக்காரராகவும் மட்டும் தெரிந்தவர், இன்று கடன்பட்ட மனிதராகத் தெரிகிறார். மகளைக் கேட்கிறாரே தவிரக் கட்டாயப்படுத்தவில்லை. பாதி விளையாட்டாகவே கேட்கிறார். ஆனால் அப்படி ஒரு கேள்வியைக் கேட்கும் நிலைக்கு ஒரு தகப்பன் வந்ததே பயங்கரம். வீட்டிலுள்ள வயதான ஆமா, அதாவது அவளை வளர்த்த தாதி, இதைக் கேள்விப்பட்டுக் கொதிக்கிறாள். சாவைப் பற்றி வாயெடுத்தாலே அபசகுனம் என்று அடக்குகிறவள் அவள். சிறுவயதில் மூடநம்பிக்கைக் கிழவியாகத் தெரிந்த அந்த ஆமாதான், கடன் கணக்கைவிடப் பெண்ணின் உயிர் பெரிது என்று அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லும் ஒரே ஆள். ‘நல்ல இடம், வசதியான குடும்பம், வேறென்ன வேண்டும்?’ என்ற பேச்சு பேய் வீட்டுச் சம்பந்தத்துக்கு மட்டும் சொந்தமா என்ன?

இது சீனர் வழக்கம், நமக்கென்ன என்று தள்ளிவிடவும் முடியாது. சீனர்களிடையே ஆவித் திருமணம் பெரும்பாலும் இறந்த இருவருக்கிடையே நடப்பது. உயிருள்ள பெண்ணை இறந்தவனுக்குக் கொடுப்பது அபூர்வம். இந்தியாவிலும், கர்நாடகத்தின் தென் கன்னட மாவட்டத்திலும் கேரளத்தின் காசர்கோடு பக்கத்திலும், சிறுவயதில் இறந்துவிட்ட பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசிப் பிரேதக் கல்யாணம் செய்துவைக்கும் வழக்கம் இருக்கிறது. தமிழர் வீடுகளில் கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னி தெய்வமாக வைத்துப் புடவை படைக்கிறார்கள். நிறைவேறாமல் போன வாழ்வு வீட்டைச் சுற்றிவரும் என்ற அச்சம், அதோடு ‘ஐயோ, பிள்ளை எதையும் அனுபவிக்கவில்லையே’ என்ற பெற்றவர் தவிப்பு. இரண்டும் எல்லா இனத்துக்கும் பொதுதான்.

நாவலின் இரண்டாம் பாதி ஆவி உலகத்தில் நடக்கிறது. அந்தப் பகுதியைப் பினாங்கில் வைத்துப் படிப்பது தனிச் சுகம். சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதம் பிறந்தால் ஜார்ஜ்டவுன் தெருக்களில் ஆவிகளுக்கான கூத்து மேடைகள் எழும்பும். முன்வரிசை நாற்காலிகளில் மனிதர் யாரும் உட்காரமாட்டார்கள். காகிதத்தில் செய்த வீடு, கார், கைத்தொலைபேசி, கட்டுக்கட்டான ஆவிப் பணம், எல்லாம் தீயில் போகும். நம்மவர்கள் அந்தச் சாம்பலைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள்தாம். அது எங்கே போய்ச் சேருகிறது என்று யோசித்திருக்கமாட்டார்கள். யாங்சி சூ அதை யோசித்திருக்கிறார். எரித்த காகித வீடுகள் அங்கே மாளிகைகளாக நிற்கின்றன. காகிதப் பொம்மைகள் வேலைக்காரர்களாக நடமாடுகின்றன. படைக்க ஆளில்லாதவர்கள் பசியோடு அலைகிறார்கள். இங்கே பணக்காரன் அங்கேயும் பணக்காரன்! போதாததற்கு நரகத்தின் நீதிமன்றங்களிலும் லஞ்சம் நுழைந்திருக்கிறது. முதல் வாசிப்பில் வேடிக்கையாகக் கடந்துபோன இந்த இடங்கள், வரி கட்டத் தொடங்கிய வயதில் வேறு மாதிரிச் சிரிப்பை வரவழைக்கின்றன.

அந்த உலகத்து லிம் மாளிகையில் ஒரு முதிய பணிப்பெண் வருகிறாள். அவள் யார் என்று இங்கே சொன்னால் புதிதாகப் படிக்கப் போகிறவர்களின் சாபம் கிடைக்கும். ஆனால் உண்மை தெரிந்தபின் மறுபடி படிக்கிறவர்கள் அவள் பேசும் ஒவ்வொரு வார்த்தையிலும் நின்றுவிடுவார்கள். மறுவாசிப்பின் பெரிய கூலி அந்தச் சில பக்கங்கள்தாம். காதலர்கள் இருவரும் அங்கே பக்கத்தில்கூட வருவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. நடுவில் கதை கொஞ்சம் நொண்டுகிறது. தியன் சிங் பெரும்பாலும் வீம்பு பிடித்த பணக்காரப் பிள்ளையாகவே நின்றுவிடுகிறான். இளம் வயதில் செத்தவன் என்ற இரக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம். 2020 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இதையே மாண்டரின் மொழியில் ஆறு பாகத் தொடராக வெளியிட்டது. கண்ணுக்கு விருந்துதான். ஆனாலும் ஆமாவின் முணுமுணுப்புக்கும், ஆவிகளைக் கண்டும் வெளியே சொல்லாத சமையற்காரர் வோங்கின் மௌனத்துக்கும் புத்தகத்துக்குத்தான் போகவேண்டும்.

முடிவில் லி லான் தேர்ந்தெடுக்கத்தான் செய்கிறாள். யாரை என்பது பதினாறின் கேள்வி. அந்தத் தேர்வுக்காக அவள் எதையெல்லாம் விட்டுப் போகவேண்டும் என்று கணக்குப் பார்க்கும் கடைசிப் பக்கங்களை அன்று அவசரமாகப் புரட்டியவர்கள், இன்று மெதுவாகப் படிக்கிறார்கள். பழைய பிரதியை யாருக்கோ இரவல் கொடுத்துத் தொலைத்தவர்கள் சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைக்காரர்களைக் கேட்டுப் பார்க்கலாம். கேட்கும் போதே மகளையும் கூட்டிக்கொண்டு போனால், படித்து முடித்த இரவில் வீட்டில் பேச நிறைய இருக்கும்.